“முதல் பாட்டு எது?” – தமிழ்த் திரையிசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில்பட்டிப் பக்கம் அப்பா மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காது குத்து, கோயில் கொடை என்று எங்கே பந்தல் போட்டாலும் குழாய் ஒலிபெருக்கி கட்டப் போவோம். கடை எப்போதோ போய்விட்டது. இசைத்தட்டுகள் மட்டும் என்னிடம் தங்கிவிட்டன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைக் கூட்டி அவற்றைப் போட்டுக் கேட்பது வழக்கம். வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. எழுதி வைத்துவிட்டால் எனக்குத் தொண்டைத் தண்ணீர் மிச்சம் என்பதால் இந்தப் பக்கம்.

தமிழ் சினிமாவின் முதல் பாட்டு எது?

முதல் படம் எது என்றால் பதில் சுலபம். 31 அக்டோபர் 1931 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான ‘காளிதாஸ்’. எச்.எம். ரெட்டி இயக்கியது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசிப் பாடினார். உடன் நடித்தவர் தெலுங்கில் பேசினார். அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. திரை பேசுகிறது என்பதே அன்று போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்தப் படத்தின் சுருள் மிஞ்சவில்லை. எனவே அதில் முதலில் ஒலித்த பாட்டு இதுதான் என்று அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். தியாகராஜர் கீர்த்தனைகள் இருந்தன. மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய ராட்டினப் பாட்டும் இருந்தது. காளிதாசன் கதைக்குள் காந்தியின் கைராட்டினம் எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. நாடக மேடையில் கைதட்டு வாங்கிய பாட்டு, திரையிலும் வாங்கட்டும் என்று வைத்திருப்பார்கள்.

பழைய படங்களில் எதற்காக ஐம்பது பாட்டு, அறுபது பாட்டு? சலிக்கவில்லையா?

நீங்கள் அதைப் படம் என்று நினைப்பதால் வருகிற சந்தேகம் இது. அன்றைய ரசிகர் நாடகக் கொட்டகையிலிருந்து நேராக எழுந்து வந்தவர். அங்கே பாட்டுத்தான் நாடகம், வசனம் பாட்டுக்கு இடையில் மூச்சு வாங்கிக்கொள்ள. 1934-இல் கே. சுப்பிரமணியம் எடுத்த ‘பவளக்கொடி’யில் ஐம்பது பாடல்கள், எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம், இசை பாபநாசம் சிவன்.

நடிப்பவர் காமிரா முன்னால் நின்று தாமே பாட வேண்டும்; வாத்தியக்காரர்கள் படத்தில் விழாமல் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஆகையால் சாரீரம் இருந்தவர்தான் கதாநாயகர். அந்தச் சாரீரத்துக்கு என்ன விலை என்றால், 1935-இல் ‘நந்தனார்’ படத்துக்காகக் கே.பி. சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நந்தனார் வேடம் போட்டதும் அவர்தான்.

பிறகு பாட்டெல்லாம் ஏன் மூன்று நிமிடமாகச் சுருங்கின?

தட்டில் அவ்வளவுதான் இடம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் பிடிக்கும். படத்தில் ஒரு முறை கேட்ட பாட்டைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் தட்டுத்தான் வழி. தட்டு விற்றால்தான் பாட்டு ஊருக்குள் போகும். கவிஞரும் இசையமைப்பாளரும் பல்லவி, இரண்டு மூன்று சரணம், இடையே வாத்தியம் என்று அந்த அளவுக்குள் நிற்கப் பழகிக்கொண்டார்கள். தட்டு மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது, அளவு பெரிதாக மாறவில்லை.

அடங்காத பாட்டை இரண்டாக வெட்டி, இரு பக்கமும் பதிவார்கள். அப்பாவிடம் அப்படிச் சில தட்டுகள் இருந்தன. கல்யாண வீட்டில் முதல் பக்கம் முடிந்ததும் முள் கரகரவென்று தேய்க்கும்; அப்பா முள் பொருத்திய கையைத் தூக்கி, தட்டைத் திருப்பி, முள்ளை ஒரு ஊது ஊதி மறுபடி வைப்பார். அந்தப் பத்து விநாடியில் பந்தல் முழுக்க அமைதி. அப்போதுதான் சமையல் கட்டில் யாரோ யாரையோ திட்டுவது எல்லோருக்கும் கேட்கும். இன்றும் அந்தப் பாடல்களை இணையத்தில் இடைவெளி இல்லாமல் கேட்டால் எனக்கு ஏதோ குறைவது போல இருக்கிறது.

நடிகருக்கு வேறொருவர் பாடுவது எந்தப் படத்தில் தொடங்கியது?

தமிழில் 1938-இல் வந்த ‘நந்தகுமார்’ என்பார்கள். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தயாரித்தது. நடிகை ஒருவரின் பாட்டு அவருக்குத் திருப்தி தரவில்லை; லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாடவைத்துச் சேர்த்தார். செட்டியார் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பங்குதாரராக இருந்து வந்தவர். தட்டு வியாபாரிக்குத்தான் தெரியும், முகம் வேறு குரல் வேறு என்று பிரிக்கலாம் என்பது.

ஆனால் மறுநாளே எல்லோரும் மாறிவிடவில்லை. பாடும் நடிகர்களின் ராஜ்ஜியம் அதற்குப் பிறகும் பத்து ஆண்டு நீடித்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்துப் பாடிய ‘மீரா’ வந்தது 1945-இல். அதில் வரும் ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கி எழுதி, எஸ்.வி. வெங்கட்ராமன் இசையமைத்தது. அது மீரா பஜனையின் மொழிபெயர்ப்பு என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். இல்லை, கல்கியின் சொந்தப் பாட்டு.

‘ஹரிதாஸ்’ மூன்று வருடம் ஓடியதாமே?

மூன்று தீபாவளி ஓடியது. இரண்டும் ஒன்றல்ல. 1944 தீபாவளிக்கு சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியானது. 1945 தீபாவளியைக் கண்டது. 1946 தீபாவளியின்போதும் எடுக்கப்படவில்லை. கணக்குப் போட்டால் இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். அதுவே அன்று யாருக்கும் வாய்க்காத ஓட்டம், மூன்று என்று கூட்டிச் சொல்ல அவசியமே இல்லை.

எனக்கு வியப்பு எண்ணிக்கையில் இல்லை. படம் வெளியான இரண்டாம் மாதம், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். இருவரும் ‘ஹரிதாஸ்’ படத்தில் இருப்பவர்கள். வெளியே கொட்டகையில் ஜனங்கள் ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டிருந்த காலம் முழுக்கப் பாடியவர் சிறையில் இருந்தார். அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு, 1947-இல் விடுதலை ஆனார்கள். பாகவதர் மறுபடி படம் எடுத்தார், பழைய கூட்டம் வரவில்லை. கலைவாணர் நிமிர்ந்துகொண்டார், அவர் கீழே இன்னொரு கேள்வியில் மறுபடி வருவார்.

‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ சுதந்திர தினத்துக்காகப் போட்ட பாட்டா?

இல்லை, அதற்கு முன்பே வந்துவிட்டது. ஏ.வி.எம்.மின் ‘நாம் இருவர்’ 1947 பொங்கலுக்கு வெளியானது. அதில் டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று திரையில் பாடி ஏழு மாதம் கழித்துத்தான் நிஜத்தில் அடைந்தோம். பாட்டை எழுதிய பாரதி இறந்ததோ 1921-இல். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் முன்கூட்டியே மகிழ்ந்துவிட்டுப் போனவர் அவர்.

இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. பாரதி பாடல்களைத் தட்டிலும் படத்திலும் ஒலிக்கச் செய்யும் உரிமை மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்க்க, விவகாரம் வக்கீல் நோட்டீஸ் வரை போனது. பாரதி எப்படி ஒருவர் சொத்தாக இருக்கலாம் என்று ஊரெல்லாம் பேச்சு எழுந்தது. 1949-இல் அரசு அந்த உரிமையை எடுத்துக்கொண்டது. இன்று யார் வேண்டுமானாலும் பாரதியை மெட்டமைத்துப் பாடலாம் என்றால் அந்தச் சண்டைக்கும் அதில் பங்கு உண்டு.

ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டைத் தடை செய்ததாகச் சொல்வது உண்மையா?

உத்தரவு போட்டு ஒரே நாளில் தடை என்று நடக்கவில்லை. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டென்றால் ஆகாது. ஒலிபரப்பும் நேரத்தைக் குறைத்தார். பாட்டைச் சலித்து எடுக்கச் செய்தார். படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் ஆகும் என்று அதையும் நிறுத்தினார். பெயரே சொல்ல மாட்டீர்கள் என்றால் பாட்டு எதற்கு என்று பம்பாய் தயாரிப்பாளர்கள் உரிமத்தைத் திரும்பப் பெற்றார்கள். கோபித்துக்கொண்டவர்கள் இரு தரப்பும், பட்டினி கிடந்தவர் நேயர். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பிறகே வானொலி இறங்கி வந்தது.

இலங்கை வானொலி மட்டும் எப்படி நம் ஊரில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது?

இரண்டாம் உலகப் போரின் புண்ணியம். தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமை, துருப்புகளுக்காகக் கொழும்பில் சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பியை நிறுவியிருந்தது. போர் முடிந்ததும் அது ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கிவிட்டார்கள். இங்கே கேஸ்கர் கதவைச் சாத்திய நேரத்தில் அங்கே கதவு திறந்தே இருந்தது.

எங்கள் கடையில் வால்வு ரேடியோ சூடேற ஒரு நிமிடம் ஆகும். பச்சை விளக்கு கண்ணைத் திறந்ததும் காலையில் ‘பொங்கும் பூம்புனல்’. அப்பா சில நாள் ரேடியோவையே பெருக்கியில் இணைத்துத் தெருவுக்கெல்லாம் கேட்க விடுவார். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் முகம் எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் கே.எஸ். ராஜா ஒரு மூச்சில் கொட்டும் வேகத்தைப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவனும் செய்து காட்டுவான். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். இந்தப் பக்கத்தில் நான் ஒப்பிக்கிற பெயர்களில் பாதி அப்படிக் காதில் ஏறியவை.

எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ்., சிவாஜிக்கும் டி.எம்.எஸ். அந்தக் காலத்து ஜனங்களுக்கு உறுத்தவில்லையா?

உறுத்தாதபடி அவர் பாடினார். சோதித்துப் பாருங்கள்: சிவாஜிக்கு ‘உத்தம புத்திரன்’ (1958) படத்தின் ‘யாரடி நீ மோகினி’, எம்.ஜி.ஆருக்கு ‘மன்னாதி மன்னன்’ (1960) படத்தின் ‘அச்சம் என்பது மடமையடா’. அடுத்தடுத்துக் கேட்டால் ஒருவருக்கு நெஞ்சைத் திறந்தும் மற்றவருக்குக் கொஞ்சம் மூக்கோடு சேர்த்தும் பாடுவது தெரியும். கண்ணை மூடிக்கொண்டாலும் நடிகர் யாரென்று சொல்லிவிடலாம்.

தொடக்கத்தில் அவர் மூன்றாம் ஒருவரைப் போலப் பாடிக்கொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை. 1950-இல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் அவர் பாடிய ‘ராதே நீ என்னை விட்டுப் போகாதேடி’யை முதலில் கேட்பவர் பாகவதர் என்றே நினைப்பார். 1954-இல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்கும், அதே ஆண்டு ‘மலைக்கள்ளன்’ படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். அதற்கு முன் ‘பராசக்தி’யில் சிவாஜிக்குக் குரல் கொடுத்தவர் சி.எஸ். ஜெயராமன்.

விசுவநாதன்–ராமமூர்த்தி ஏன் பிரிந்தார்கள்? உங்களுக்குத் தெரிந்திருக்குமே!

வதந்தி வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள். சேர்ந்த கதைதான் எனக்குப் பிடித்தது. இருவரும் சி.ஆர். சுப்பராமனிடம் உதவியாளர்கள். 1952-இல் அவர் சின்ன வயதிலேயே இறந்துபோக, முடியாமல் கிடந்த ‘தேவதாஸ்’ வேலையை முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ‘பணம்’ படத்தை இயக்கிய என்.எஸ். கிருஷ்ணன், ஆம், மேலே சிறையிலிருந்து வந்தாரே அவர்தான், இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டார். மூத்தவர் ராமமூர்த்தி, பெயரில் முந்தி நிற்பவர் விசுவநாதன். மூத்தவர் பின்னால் இருந்து தாங்கட்டும் என்று கலைவாணர் சமாதானம் சொன்னதாகச் சொல்வார்கள்.

1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை ஒன்றாக இருந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். மைக் செட்காரன் மகனாக ஒன்று சொல்வேன்: ‘பாசமலர்’ படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘வாராயென் தோழி வாராயோ’ தட்டு மட்டும் எங்கள் கடையில் மூன்று முறை தேய்ந்து, மூன்று முறை புதிதாக வாங்கப்பட்டது. எந்தக் கல்யாணமும் அது இல்லாமல் முடிந்ததில்லை.

எஸ்.பி.பி.யின் முதல் பாட்டு ‘ஆயிரம் நிலவே வா’தானே?

‘முதல்’ என்றால் எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். முதலில் திரைக்குப் பாடியது 1966-இல், கோதண்டபாணி இசையில் தெலுங்குப் படத்துக்கு. தமிழில் முதலில் பதிவானது எம்.எஸ். விசுவநாதன் இசையில் ‘ஹோட்டல் ரம்பா’ என்ற படத்துக்கு. அந்தப் படம் வெளிவரவே இல்லை. அடுத்து ‘சாந்தி நிலைய’த்தில் ‘இயற்கை என்னும் இளைய கன்னி’. ஆனால் 1969 மே மாதம் அதைச் சில வாரம் முந்திக்கொண்டு ‘அடிமைப் பெண்’ வெளியானதால் மக்கள் முதலில் கேட்டது ‘ஆயிரம் நிலவே வா’.

அந்தப் பாட்டுக்காக அவரைத் தேர்ந்த பிறகு டைபாய்டு வந்து படுத்துவிட்டார். வேறு பாடகரைப் போட்டு முடித்திருக்கலாம். எம்.ஜி.ஆர். படப்பிடிப்பைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார். எம்.ஜி.ஆருக்குப் பாடப்போகிறோம் என்று அந்தப் பையன் நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பான், ஏமாறக் கூடாது என்பது அவர் நினைப்பு. பாலசுப்பிரமணியம் இதைப் பல மேடைகளில் கண் கலங்கச் சொல்லியிருக்கிறார்.

கிராமத்துப் பாட்டு ‘அன்னக்கிளி’யில்தான் சினிமாவுக்குள் வந்ததா?

வந்தது அதற்கு வெகு முன்னால். கே.வி. மகாதேவன் ‘குமுதம்’ (1961) படத்தில் போட்ட ‘மாமா மாமா மாமா’வைக் கேளுங்கள். 1976-இல் புதிதாக நடந்தது வேறு: நாட்டுப்புற மெட்டும் மேற்கத்திய முறையில் எழுதிய வாத்தியக் கோவையும் ஒரே ஆளின் தலைக்குள்ளிருந்து வந்தன. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் படித்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்வரத்தைத் தாளில் எழுதிக் கொடுப்பவர். எஸ். ஜானகியின் ‘மச்சானைப் பார்த்தீங்களா’வை மெட்டுக்காகக் கேட்டது போதும், ஒரு முறை பின்னால் ஓடும் வாத்தியங்களுக்காகக் கேளுங்கள்.

முதல் நாள் பதிவு தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போனதும், நல்ல சகுனம் என்று பக்கத்தில் ஒருவர் கிண்டலாகச் சொன்னதும் அவரே சொன்ன கதை. வாய்ப்புக் கொடுத்த பஞ்சு அருணாசலம் சகுனம் பார்த்து மாற்றவில்லை.

கம்ப்யூட்டர் இசையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது ரகுமான் அல்லவா?

1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி கொண்டு இசையமைத்துவிட்டார். ரகுமான் அப்போது பலருக்கும் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த இளைஞர். இளையராஜா குழுவிலும் வாசித்தவர். ‘ரோஜா’ (1992) மாற்றியது கருவியை அல்ல, ஒலியை. சொந்த ஸ்டூடியோவில், நேரக் கணக்கு இல்லாமல், ஒவ்வொரு ஓசையையும் தனித்தனியே செதுக்கி அடுக்க முடிந்தது. கூட்டமாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்கும் முறை அதோடு தளரத் தொடங்கியது. அது லாபமா நட்டமா என்று எங்கள் கூட்டத்தில் கேட்டால் அன்று வீடு திரும்ப இரவு பத்து மணி ஆகும்.

அந்த ஆண்டு தேசிய விருதில் இருவருக்கும் சம ஓட்டு விழுந்தது என்கிறார்களே?

‘தேவர் மகன்’ படத்துக்காக இளையராஜா, ‘ரோஜா’வுக்காக ரகுமான். ஓட்டு சமமாக நின்றபோது, நடுவர் குழுத் தலைவராக இருந்த பாலு மகேந்திரா தம் ஓட்டைப் புதியவருக்குப் போட்டார். பாலு மகேந்திராவின் படங்களுக்கு இசை இளையராஜா என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். ‘தேவர் மகன்’ வெறும் கையோடு போகவில்லை. ‘இஞ்சி இடுப்பழகி’க்காக ஜானகிக்கு விருது கிடைத்தது.

அதிகப் பாட்டுப் பாடியவர் யார்? எஸ்.பி.பி. நாற்பதாயிரம் என்கிறார்களே?

எண்ணிச் சரிபார்த்த கணக்கு பி. சுசீலாவுடையது: 17,695 பாடல்கள் என்று 2016-இல் கின்னஸ் ஏற்றுக்கொண்டது. நாற்பதாயிரத்தை வகுத்துப் பாருங்கள். 54 ஆண்டு, விடுமுறையே இல்லாமல் நாளுக்கு இரண்டு பாட்டு. பல மொழிகளில் காலை, மதியம், இரவு என்று பாடியவர்தான்; ஆனாலும் எனக்கு அது அன்பால் கூட்டிய எண்ணாகவே படுகிறது. குறைத்துச் சொன்னால் அவர் குறைந்துவிட மாட்டார்.

இந்தக் காலத்தில் அப்படி ஒரு தருணமாவது உண்டா?

16 நவம்பர் 2011. அனிருத் இசையில் தனுஷ் பாடிய ‘ஒய் திஸ் கொலவெறி டி’ யூடியூபில் ஏறிய நாள். படம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே, தமிழ் தெரியாதவர்களும் முணுமுணுத்தார்கள். 2020-இல் ‘ரவுடி பேபி’ நூறு கோடிப் பார்வையைத் தொட்டது. 2021-இல் பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’க்குப் படமே தேவைப்படவில்லை. எனக்கு இதில் அது பெரிது. படம் இல்லாமல் ஒரு தமிழ்ப் பாட்டு இத்தனை வீட்டுக்குள் நுழைந்து வெகு நாளாகியிருந்தது.

வீட்டுப் பரணில் தாத்தாவின் தட்டுகள் இருக்கின்றன. எப்படிச் சுத்தம் செய்வது?

ஸ்பிரிட் மட்டும் படக் கூடாது. 78 தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும், பாட்டும் சேர்ந்து போய்விடும். மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வரி ஓடும் திசையிலேயே துடையுங்கள், நடுக் காகிதத்தை நனைக்காமல். உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். படுக்கப் போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், வெயிலில் காட்டாதீர்கள். பிற்காலத்து எல்.பி. தட்டுக்கான முள்ளால் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், அதன் நுனி 78-இன் பள்ளத்துக்கு மிகச் சிறியது. தட்டு கை தவறி விழுந்தால் கண்ணாடி போல நொறுங்கும். ஆகவே பரணிலிருந்து இறக்கும்போது ஏணியைப் பிடிக்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், தட்டுக்காகத்தான் சொல்கிறேன்.